மிரட்ட இரண்டு பேர் வேண்டும்

மிரட்டு என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் அச்சுறுத்து, பயமுறுத்து என்று போட்டிருக்கும். போட்டவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை என்று நினைத்துக்கொள்வேன். எங்களுக்கு இதெல்லாம் ஒன்றல்ல. குரலை உயர்த்தினால் அது அதட்டு. சோறு தின்னாத பிள்ளைக்குத் தெருவில் போகிற சாக்குக்காரனைக் காட்டினால் அது பயங்காட்டு. இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்துவிடலாம். மிரட்டுவதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் செய்துவிடுவேன் என்று நிற்க வேண்டும். இன்னொருவர் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று கெஞ்ச வேண்டும். கெஞ்சுவதற்கு ஆள் இல்லாமல் மிரட்டப் போனவர் எப்படித் திரும்பி வருவார்? ஒன்று சொன்னதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேர் சிரிக்கத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வர வேண்டும்.

இது எனக்குப் பன்னிரண்டு வயதில் தெரியும். கெஞ்சுகிற ஆளாக இருந்தது நான்தான்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில், முந்திரித் தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் ஊர். எழுபதுகளின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. விடியும் முன் சைக்கிளில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். கொல்லையைப் பார்த்துக்கொண்டது அம்மாவின் தம்பி, என் மாமா. கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டிலேயே இருந்தார். மீசை மட்டும்தான் பெரிது, ஆட்டுக்குட்டியைக்கூட அதட்டத் தெரியாது. ஆடு வாய் வைத்தால், "போம்மா, அங்கிட்டுப் போ" என்று அதன் முதுகைத் தடவிக்கொடுத்து அனுப்புவார்.

எனக்கு ஒரு தம்பி. அப்போது நாலு வயது முடிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஊமை என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது. வெளியே தாராளமாகப் புழங்கியது. ஆனால் அவனுக்குக் காது கேட்கும், அதுவும் நமக்குக் கேட்பதைவிட நன்றாகவே. அப்பாவின் சைக்கிள் சாலையில் திரும்புமுன்பே எழுந்து வாசலுக்குப் போய் நிற்பான். சிரிப்பான், சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். நான் எதையாவது தேடிக்கொண்டிருப்பேன். திரும்பினால் அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்பான். எப்போது வந்தான் என்று தெரியாது. எத்தனையோ முறை பட்டப்பகலில் எனக்கு உடம்பு சிலிர்த்திருக்கிறது. சொந்தத் தம்பியைப் பார்த்து ஏன் பயப்படுகிறோம் என்று பிறகு வெட்கமாகவும் இருக்கும்.

அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினாள். கோவிலுக்கு மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டாள். பெரம்பலூருக்குப் பஸ் பிடித்துப் போய் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் தம்பிக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினார், சாவியைக் குலுக்கினார், நாக்கைத் தூக்கிப் பார்த்தார். "காது கேக்குதும்மா. நாக்கும் நல்லாருக்கு. பேசறப்ப பேசுவான். பொறுமையா இருங்க" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "எல்லாரும் பொறுமையா இருன்னு எங்கிட்டதான் சொல்றாங்க" என்றாள். அடுத்த ஆனியில் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். பேசாத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள முடியாது என்று அங்கே முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அம்மாவின் கணக்கில் ஆனிதான் கெடு.

இனி மரத்தைச் சொல்கிறேன். கொல்லைக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பலாமரம், மாமா வைத்தது. பத்து வருஷமாக இலை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றைக் கட்டிப் பார்த்தார்கள், பழைய செருப்பைக் கட்டிப் பார்த்தார்கள், மரம் கண்டுகொள்ளவில்லை. அந்தக் கார்த்திகையில் அம்மா மாமாவிடம் சொல்லிவிட்டாள், "மிரட்டிப் பாத்துடு தம்பி" என்று.

எங்கள் பக்கத்தில் காய்க்காத மரத்தை மிரட்டுவது உண்டு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. உச்சி வேளையில் போக வேண்டும். ஒருவர் கோடாலியோடு போய் வெட்டப்போகிறேன் என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கை எதுவோ, அந்தக் கைக்காரர்தான் கெஞ்ச வேண்டும். அதுவும் மூன்றாவது தரத்துக்குப் பிறகுதான். முன்னாலேயே கெஞ்சினால் மரத்துக்குப் பயம் ஏறாதாம். போகிறபோதும் வருகிறபோதும் சிரிக்கக் கூடாது. சும்மாதான் மிரட்டினோம் என்று வீட்டுக்குள்கூடப் பேசக் கூடாது. கேட்டுவிடும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தினமும் அந்த மரத்துக்குக் கொண்டுபோய் ஊற்றியது நான். அதனால் கெஞ்சுகிற வேலை எனக்கு வந்தது.

அன்று அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றோரம் நின்றாள். குவாரியில் மத்தியான வெடி போட்டு முடித்திருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் காக்கை குருவிகூடக் கத்தாது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்துக்கு முன்னால் போய் நின்றார். அவர் குரல் அப்படி மாறும் என்று நான் நினைக்கவில்லை.

"பத்து வருசமா தண்ணி குடிக்கிற, ஒரு காய் குடுத்தியா? இன்னிக்கி வெட்டிப்புடுறேன் பாரு."

கோடாலியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாம் தரமும் சொன்னார், தட்டினார். மூன்றாம் தரம் கோடாலியைத் திருப்பி ஓங்கிவிட்டார். அதன் வெட்டுவாய் மரத்தில் பட்டுப் பால் வடிந்தது. நான் ஓடிப்போய் மரத்தைக் கட்டிப்பிடித்தேன்.

"வேணாம் மாமா, வுட்டுடுங்க. இந்த வருசம் காச்சிடும். வுட்டுடுங்க மாமா."

நடிக்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன், ஆனால் நிஜமாகவே அழுதேன். கன்னம் பட்ட இடத்தில் மரம் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நடுங்கியது நானாகவும் இருக்கலாம், அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாமா கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அம்மா இடுப்பிலிருந்த தம்பி மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். மரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். பாத்திரத் தண்ணீரை ஊற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கோடாலி பட்ட இடத்துக்கு ஒரு சாண் கீழே, அடிமரத்தில், விரல் நீளத்துக்குப் பிஞ்சுகள். மேலே கிளையில் ஒன்றுகூட இல்லை. வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே மட்டும் பதினோரு பிஞ்சு. ஊர்ப் பெண்கள் வந்து வாயைப் பிளந்தார்கள். "அடியாத மாடு படியாதுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் அடுத்த வீட்டு அத்தை. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு அந்த மரத்தின் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஒரு சாமான் திருட்டுப்போய் அடித்துக் கேட்டதும் எடுத்துக்கொடுத்துவிட்டவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அம்மா அந்தப் பிஞ்சுகளைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பார்த்துவிட்டு வந்து தம்பியையும் பார்ப்பாள். பங்குனி முதல் வாரத்தில் ஒரு காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, மாமாவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"மரத்துக்கே பயம் வந்துச்சே தம்பி."

மாமா முதலில் சிரித்தார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "அது புள்ளக்கா" என்றார்.

"நான் என்ன வெட்டவா சொன்னேன். சும்மா மிரட்டத்தான சொல்றேன்."

இந்தச் சும்மா இருக்கிறதே, அதை எங்கள் ஊரில் மிரட்டுபவர்கள்தான் சொல்வார்கள். மிரட்டப்பட்டவர் யாரும் சும்மா மிரட்டினாங்க என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா இரண்டு நாள் கொல்லைப் பக்கமே கிடந்தார். அம்மா விடவில்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷமாகத் தெருவில் எந்தக் குழந்தை அம்மா என்று கூப்பிட்டாலும் அவள் தலை திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். யார் கெஞ்சுவது என்ற பேச்சு வந்தபோது அவளே முடிவு செய்தாள். "நான் வந்தா மொதல் வார்த்தையிலயே அழுதுடுவேன், காரியம் கெட்டுடும். நீ நில்லுடி. உங்க மாமா மூணு தரம் சொல்லட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. மூணாவது முடிஞ்ச ஒடனே சொல்லிடு." நான் தலையை ஆட்டினேன். எனக்கும் அவன் பேச வேண்டும். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பேசாத பிள்ளையின் அக்கா என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் காட்டிப் பேசினார்கள், அது எனக்கு நிற்க வேண்டும்.

அம்மா கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். உச்சி வெயில், குவாரி வெடி அடங்கியிருந்தது. மாமா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவனுக்கு அது வழக்கமான சவாரிதான், மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான். பங்குனியில் எங்கள் கிணற்றில் தண்ணீர் ரொம்பக் கீழே போயிருக்கும். சுவர்ப் பொந்துகளில் புறாக்கள் இருக்கும். மாமா அவனை இரண்டு அக்குளிலும் பிடித்துச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நீட்டினார். அவன் சிரித்தான். தோள் குலுங்கியது. காலை ஆட்டினான்.

"பேசு. அம்மான்னு சொல்லு. இல்லன்னா போட்டுடுவேன்."

கிணறு கீழேயிருந்து டுவேன் என்றது. தம்பியின் சிரிப்பு நின்றது. குனிந்து கீழே பார்த்தான், யார் பேசியது என்று பார்க்கிற மாதிரி. பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தான். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லு. போட்டுடுவேன்."

புறாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிணற்றைவிட்டு வெளியே வந்தன. அவை மேலே போய்ச் சுற்றுகிற நிழல் எங்கள் மேல் போய்ப் போய் வந்தது. தம்பி இப்போது என்னைப் பார்த்தான். அழவில்லை. வழக்கமாக நான் தேடுகிற பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பானே, அந்தப் பார்வைதான்.

"போட்டுடுவேன்."

மூன்று முடிந்துவிட்டது. இது நான் சொல்ல வேண்டிய இடம். வாயைத் திறந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் உதடு அசைந்தது. பிரிந்து, ஒட்டி, மறுபடி பிரிந்தது. ஐயோ, வந்துவிட்டது, இன்னும் ஒரு நொடி என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்கு நாலாவது வார்த்தை கிடையாது. மூன்று வரைக்கும்தான் முறை. அவர் முழங்கையிலிருந்து வியர்வை சொட்டுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "பாப்பா" என்றார் என்னிடம், மெதுவாக. நான் தம்பியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "புடிக்க முடியல பாப்பா" என்றார். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். அன்றைக்கு மிரண்டு நின்ற சாதுவுக்கு ஒரு சின்னக் கிணற்றுச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வர வழி தெரியவில்லை.

அப்போதுதான் தம்பி பேசினான். மழலை இல்லை. பல நாள் பேசிப் பழகியவன் பேசுகிற மாதிரி, தெளிவாக, கொஞ்சம் கரகரத்த குரலில்.

"அக்கா, சொல்லு."

கிணறும் அதையே சொன்னது. கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. மாமா அவனை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா ஓடிவந்து அவனைப் பிடுங்கிக்கொண்டாள். "பேசிட்டான், எம் புள்ள பேசிட்டான்" என்று அந்த வெயிலில் அவனை வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அன்று மாலை ஊருக்கே தெரிந்துவிட்டது. முதலில் என்ன சொன்னான் என்று கேட்டவர்களிடம் எல்லாம் அம்மா, "அக்கான்னான்" என்றாள். கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு அந்த முதல் வார்த்தைதான் காதில் நின்றது போலிருக்கிறது. அடுத்த வார்த்தையை மாமாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. "என்ன இருந்தாலும் கூடப் பொறந்த பாசம்" என்று பெண்கள் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். அப்பாவுக்கு மட்டும் கிணற்று விஷயத்தைச் சொல்லாமல் மறைத்தார்கள். டாக்டர் சொன்னபடியே பேசிவிட்டான் என்று அவர் சாகும்வரை நம்பினார்.

தம்பி நன்றாகவே பேசினான். ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், மணி மணியாகப் பாடம் ஒப்பித்தான். அம்மா வேண்டிக்கொண்ட மணியைக் கட்டினாள். பலாப்பழம் அந்த வருஷம் தேனாக இருந்தது என்றார்கள், நான் தின்னவில்லை. மாமாதான் பாழாய்ப் போனார். மிரட்டினால் பலிக்கிற கை என்று அவருக்குப் பேர் வந்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் நடக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்தாள். மாமா பின்பக்கமாகப் போய் முந்திரித் தோப்புக்குள் ஒளிந்துகொண்டார். அவள் போய்விட்டாள் என்று சொல்லக் கூப்பிடப் போனால், ஒரு மரத்தடியில் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிட்டாங்களா பாப்பா?" என்று கேட்டார். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

என்னோடும் தம்பி சிரித்துத்தான் பேசினான், சண்டை போட்டான், பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னான். ஆனால் ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். அக்கா, அதை எடுத்துக்கொடு, இதைச் செய்துகொடு என்று அவன் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. எட்டாத உயரத்தில் இருந்தால் பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி எடுப்பான். காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் வேண்டுமா என்று நானாகக் கேட்டால் குடிப்பான், இல்லாவிட்டால் உதடு காய்ந்து கிடப்பான். அவன் மறந்துவிட்டான், நாலு வயதில் நடந்தது யாருக்கு நினைவிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லிக்கொண்டே பன்னிரண்டு வருஷம் ஓட்டினேன்.

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகிப் பெரம்பலூரில் இருந்தேன். தம்பி திருச்சியில் பாலிடெக்னிக் சேரப் போகிற வழியில் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தான். நான் கீழே நின்றேன். இன்றைக்குக் கேட்காவிட்டால் என்றைக்கும் கேட்க மாட்டேன் என்று பட்டது. கேட்டுவிட்டேன்.

"சின்ன வயசுல மாமா ஒன்னக் கெணத்துக்கிட்ட வெச்சு மிரட்டுனது ஞாபகம் இருக்காடா?"

"இருக்கு" என்றான் சாதாரணமாக. "பாவம் மாமா. ரொம்பப் பயந்துட்டாரு."

"உன் ஒதடு அசைஞ்சிதுடா. பேசிடுவேன்னு நெனச்சுதான் நான் சொல்லாம நின்னேன்." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. நாற்பது பேர் நிற்கிற பஸ் ஸ்டாண்டில் பதினாறு வயதுப் பையனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். "நீ பேசணும்னுதாண்டா நின்னேன்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்டக்டர் விசில் கொடுத்து வண்டி நகர்கிறபோது, கம்பியைப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டபடி சொன்னான்.

"நான் பேசுன அப்பறமும் நீ சொல்லலையேக்கா."